பழைய வீட்டை இடிக்கப் போகிறீர்களா? ரப்பீஸை வண்டியில் ஏற்றும் முன்

மதுரையில் சிலைமானுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஹாலோ பிளாக் பட்டறை இருக்கிறது. அதற்கு முன்னால் 16 வருடம் சித்தாள் வேலை பார்த்தேன். மாசி வீதிச் சந்துகளுக்குள் லாரி நுழையாது. இடித்த வீட்டுக் கல்லையும் காரையையும், அதாவது ரப்பீஸை, சும்மாடு வைத்துத் தெருமுனை வரை சுமந்து, அங்கே நிற்கும் டிராக்டரில் கொட்டுவோம். அந்த டிராக்டர் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருமுறை பஸ்ஸை விட்டுவிட்டு அதே டிராக்டரில் ஏறி ஊருக்குத் திரும்பினேன். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நிறுத்தி, பகல் முழுக்க நான் சுமந்ததை மடைக்குப் பக்கத்திலேயே கொட்டினார்கள். அந்த மடைத் தண்ணீரில்தான் என் அம்மா வீட்டு வயல் விளைந்தது.

அந்தச் சுமையில் முழுச் செங்கல் இருந்தது, நல்ல ஜல்லி இருந்தது, கம்பி இருந்தது. என் கையால் கலந்து கொட்டியதால்தான் அது குப்பையானது. இதை நான் எட்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இடிக்கிற இடத்திலேயே, இடிக்கிற அன்றே பிரித்தால் அது பொருள். ஒன்றாகக் குவித்துவிட்டால் அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. மத்திய அரசு 2016ல் கொண்டுவந்த கட்டுமான இடிப்புக் கழிவு விதிகளிலும் இதுதான் இருந்தது. ஒரு நாளைக்கு 20 டன்னோ, ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னோ கழிவு வந்தால், கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று நான்காகப் பிரித்து வைக்க வேண்டும் என்றன அந்த விதிகள். 20 டன் என்றால் பெரிய கம்பெனி வேலை என்று நினைக்க வேண்டாம். உத்தேசமாக ஐந்து யூனிட் ரப்பீஸ்தான் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). ஒரு மாடி வீட்டை ஜே.சி.பி. வைத்து இடித்தால் ஒரே நாளில் அதைத் தாண்டிவிடும்.

ஜே.சி.பி. வருவதற்கு முந்திய வாரம்

முதலில் மின் இணைப்பையும் தண்ணீர் இணைப்பையும் முறைப்படி துண்டித்துவிடுங்கள். வீட்டு முன்னால் அல்லது காலி இடத்தில் நான்கு மூலைக்கு நான்கு இடம் ஒதுக்குங்கள். இடம் இல்லாத சந்து வீடு என்றால், இன்று செங்கல் மட்டும், நாளை கான்கிரீட் மட்டும் என்று நாள் பிரித்து வண்டி வரச் சொல்லுங்கள். நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்.

பிறகு வீட்டைக் கட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்ற வேண்டும். கதவு, ஜன்னல், நிலை முதலில். அடுத்து ஓடு, உத்திரம், குறுக்குக் கட்டைகள். பழைய மதுரை வீடுகளில் மெட்ராஸ் ஒட்டுத் தளம் இருந்தால், அதில் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மேலே சின்னச் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருப்பார்கள். அதை மேலே நின்று கடப்பாரையால் குத்தினால் ஆளோடு சேர்ந்து தளம் கீழே வரும். கீழே சாரம் கட்டி முட்டுக் கொடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து ஒவ்வொரு வரியாக எடுக்க வேண்டும். ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகும். ஆனால் கட்டை முழுசாகக் கிடைக்கும், செங்கலும் முழுசாகக் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் முழுசாக வீடு போய்ச் சேருவார்.

கழற்றி எடுத்து வேறு இடத்தில் கட்டுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. திருமலை நாயக்கர் மகாலில் இன்று நாம் பார்ப்பது ஒரு பகுதிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, மகாலின் பெரும்பகுதியைப் பிரித்துத் தூணும் மரமுமாக அங்கே கொண்டுபோனார் என்கிறது வரலாறு. மகாலின் அழகு போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு கட்டடத்தைப் பிரிக்கத் தெரிந்திருந்தது. நமக்கு இடிக்க மட்டும்தான் தெரிகிறது.

தூசியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடைப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் சுவரில் தண்ணீர் அடியுங்கள், உடைக்கும்போதும் அடித்துக்கொண்டே இருங்கள். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி, வருடக்கணக்கில் மூச்சை அடைக்கும். அந்த நோய்க்குப் பிறகு திரும்பி வர முடியாது. முந்தானையை மூக்கில் கட்டினால் போதும் என்று நாங்கள் இருந்தோம். போதாது. என் பட்டறையில் N95 முகக்கவசம் போடாதவரைக் கல் உடைக்கும் கிரஷர் பக்கம் நிற்க விடமாட்டேன்.

செங்கல்

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் நம் அதிர்ஷ்டம். சுண்ணாம்பு செங்கலைவிட மென்மையானது, அதனால் லேசாகத் தட்டினாலே மூட்டு விட்டுக்கொடுக்கும், கல் பிழைக்கும். சிமென்ட் சாந்து அப்படி இல்லை. சாந்து கல்லைவிடக் கெட்டியாக இருப்பதால் மூட்டுக்குப் பதில் கல் உடையும். ஆக, உங்கள் வீடு எதில் கட்டியது என்று முதல் நாளே நகத்தால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு அல்லது மண் சாந்து. அந்தச் சுவரை ஜே.சி.பி.யிடம் கொடுக்காதீர்கள், கொத்தனாரிடம் கொடுங்கள்.

எடுத்த கல்லை மூன்று விதமாகச் சோதிக்கலாம், செலவே இல்லை. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் அது ஜல்லிக்கு. அடுத்தது தண்ணீர்ச் சோதனை. காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. மூன்று கிலோ கல் 600 கிராம் வரை குடிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது உப்பு. ஒரு தட்டில் ஒரு இன்ச் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் குத்தவைத்து, தண்ணீர் முழுக்க வற்றும் வரை நிழலில் விடுங்கள். வெள்ளையாகப் பூத்தால் அந்தக் கல்லைச் சுவருக்கு எடுக்காதீர்கள். பூச்சையும் பெயிண்டையும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை உள்ள கல்லில்தான் இந்த உப்பு அதிகம், மண்ணின் ஈரத்தோடு ஏறி வந்தது. அதனால் அந்த வரிகளைத் தனியாக எடுத்துத் தனியாகவே அடுக்குங்கள்.

தேறிய கல்லைப் பழைய சாந்து சுரண்டி, கட்டும் முன்பு நன்றாக நனைத்துக் காம்பவுண்டு சுவர், உள் தடுப்புச் சுவர், தோட்டத் திண்ணை என்று கட்டலாம். பாரம் தாங்கும் சுவருக்கு வேண்டுமானால் ஆய்வகத்தில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான். புதுக் கல்லையும் பழைய கல்லையும் ஒரே வரியில் கலக்க வேண்டாம், அளவு வேறு என்பதால் மூட்டு கோணும்.

உடைந்த செங்கல் மாடிக்குப் போகட்டும்

எனக்குப் பிடித்த வேலை இது. உடைந்த செங்கலைத் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது, ஏனென்றால் மொட்டை மாடியில் சுருக்கி, அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மேல்தளம், போடுவதற்கு வேண்டியதே உடைந்த செங்கல்தான். ஒரு பக்கம் கல்லை உடைத்துக் கண்மாயில் கொட்டுகிறோம். மறுபக்கம் சூளையிலிருந்து புதுக் கல்லை வாங்கி அதையும் உடைத்து மாடியில் போடுகிறோம்.

நன்றாக வெந்த கல்லாகப் பார்த்து, முக்கால் இன்ச் அளவுக்கு உடையுங்கள். வேகாத கல், உப்புக் கல், சிமென்ட் ஒட்டிய துண்டு மூன்றும் வேண்டாம். சல்லடையில் சலித்துத் தூளைத் தனியாக எடுத்துவிடுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. அளவு 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு. பொதுப்பணித் துறை வேலைகளில் காலங்காலமாக வரும் கணக்கு அது. மணல் கிடையாது, சிமென்ட் கிடையாது. முதல் நாள் இரவே ஜல்லியை நனைத்து ஊறவிடுங்கள். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தைக் குடித்துவிட்டால் பிடிப்பு வராது. சராசரியாக மூன்று இன்ச் கனம், மழைத்தண்ணீர் குழாயை நோக்கிச் சரிவு கொடுத்துப் பரப்புங்கள்.

பரப்பினால் வேலை முடியவில்லை, அப்போதுதான் ஆரம்பம். வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். நாங்கள் எட்டுப் பெண்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே பின்னால் நகருவோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அடிப்போம். கட்டை பட்டால் துள்ளித் திரும்ப வேண்டும், பதியக் கூடாது. அதுதான் பதம். இரண்டு நாளாவது அடிக்காமல் அந்தப் பதம் வராது. பிறகு பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதிக்கலாம். சித்திரை வெயிலில் அந்த மாடிக்குக் கீழ் அறையில் படுத்துப் பாருங்கள், பக்கத்து வெறும் கான்கிரீட் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சலித்த தூளைச் சொன்னேன் அல்லவா, அதுதான் பழைய ஆட்கள் சொன்ன சுர்க்கி. வெந்த களிமண் தூள் சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீருக்குள்கூட இறுகும். 1895ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில்தான் எழுந்தது. அந்த அணைத் தண்ணீர் வைகைக்கு வந்துதான் மதுரை குடிக்கிறது. அதனால் செங்கல் தூள் என்று கேவலமாக நினைக்காதீர்கள். நைஸாகச் சலித்து, மண் கலக்காமல் சாக்கில் கட்டிவையுங்கள். பழைய சுண்ணாம்பு வீட்டைப் பழுது பார்க்கிறவர்கள் தேடி வாங்குவார்கள்.

கான்கிரீட்

தளம், சன்ஷேடு, லிண்டல், தூண் இவற்றின் கான்கிரீட்டை டைல்ஸ், மண், பூச்சு ஒட்டாமல் தனியே எடுங்கள். பிரேக்கரால் தலையளவு துண்டாக்கினால் கம்பி பிரிந்து வரும். அந்தக் கம்பியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள். நிமிர்த்திப் பீமுக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த கம்பியை, அதுவும் துரு ஏறிய கம்பியை, நம்பி ஒரு குடும்பத்தைத் தூங்கவைக்கக் கூடாது.

கான்கிரீட் துண்டைச் சின்ன ஜா கிரஷரில் விட்டால் ஒன்றரை இன்ச், முக்கால் இன்ச், சிப்ஸ் எனும் பொடி ஜல்லி, தூள் என்று சல்லடைப்படி பிரியும். பார்க்கக் குவாரி ஜல்லி மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் பழைய சிமென்ட் ஒட்டியிருக்கும், அது தண்ணீரை உறிஞ்சும். மேலூர்ப் பக்கத்துக் கருங்கல் ஜல்லி ஒரு சதவீதம்கூடக் குடிக்காது. இது ஐந்து சதவீதம்கூடக் குடிக்கும். காய்ந்தபடி போட்டால் கலவை கண் முன்னால் கெட்டியாகும், மேஸ்திரி தண்ணீர் ஊற்றுவார், பலம் போய்விடும். எனவே முதல் நாளே நனைத்து, கலக்கும் நேரத்தில் உள்ளே ஈரமாகவும் மேலே நீர் வடிந்தும் இருக்குமாறு வையுங்கள்.

எங்கே எவ்வளவு போடலாம் என்பதில் யார் பேச்சையும் கேட்க வேண்டாம். 2016ல் திருத்தி வந்த, ஜல்லிக்கான ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதியிலேயே இருக்கிறது. எம் 15க்குக் குறைவான மட்டக் கான்கிரீட்டில் முழுக்கவும் இந்த ஜல்லியே போடலாம் (எம்-க்குப் பின்னால் வரும் எண் கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும்). கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை. கம்பி கட்டிய கான்கிரீட்டில், அதுவும் எம் 25 வரைதான், 20 சதவீதம். செங்கலும் காரையும் கலந்து வந்த ஜல்லி என்றால் மட்டக் கான்கிரீட் ஒன்றுக்குத்தான். விதி 20 சதவீதம் அனுமதித்தாலும், சோதிக்காமல் வீட்டுத் தூணுக்கும் பீமுக்கும் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு இன்ச் கியூப் ஆறு வார்த்து, மூன்றை 7ஆம் நாளும் மூன்றை 28ஆம் நாளும் கல்லூரி ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்துவிட்டு எஞ்சினியர் கையெழுத்துப் போட்டால் சரி.

வீட்டுக்காரர் கவலையில்லாமல் செய்யக்கூடியது அஸ்திவாரத்துக்கு அடியிலும் தரைக்கு அடியிலும் போடும் 1:4:8 கலவை. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 5 கன அடி மணல், 10 கன அடி ஒன்றரை இன்ச் ஜல்லி. இடித்த வீட்டுத் தளமே புது வீட்டின் தரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வில்லாபுரத்தில் ஒரு வீட்டுக்கு இப்படிச் செய்தபோது ஜல்லி லோடு ஒன்றுகூட வெளியிலிருந்து வரவில்லை.

பட்டறைக் கல்

என் பட்டறையில் சாலிட் கல்லுக்கு நான் போடும் அளவு: ஒரு பங்கு சிமென்ட்டுக்கு, நனைத்த பழைய கான்கிரீட் சிப்ஸ் 4 பங்கு, புதுச் சிப்ஸ் 2 பங்கு, எம் சாண்ட் 4 பங்கு. கலவையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அச்சில் அதிரவைத்து அழுத்தினால், ஒரு மூட்டைக்கு 16க்கு 8க்கு 6 இன்ச் கல் இருபதிலிருந்து இருபத்திரண்டு வரை விழும். ஒரு நாள் அசைக்காமல் நிழலில் விட்டு, பிறகு 14 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் உடனே சுவருக்கு அனுப்பக் கூடாது. நான்கு வாரம் காற்றாடக் காயவிடாத கல் சுவரில் ஏறிய பிறகு சுருங்கும், மூட்டில் விரிசல் விடும். இந்தக் கல்லைத் தூண் பீம் போட்ட வீட்டில் இடைச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் மட்டும்தான் விற்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரு பெரிய நஷ்டம் பட்டேன். ஒரு கடை இடித்த ரப்பீஸ் வந்தது. மேலே வெள்ளையாக இருந்ததைச் சுண்ணாம்புப் பூச்சு என்று நினைத்து அப்படியே கிரஷரில் விட்டேன். அது பால்ஸ் சீலிங் உடைந்த ஜிப்சம். 600 கல் அடித்தோம். முதல் மழைக்காலம் தாண்டியதும் கல் ஊதி, மூலை மூலையாக உதிர ஆரம்பித்தது. ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட் ஈரம் பட்டதும் சிமென்ட்டோடு வினைபுரிந்து உள்ளேயே வீங்கும் என்று அப்புறம்தான் ஒரு எஞ்சினியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வாங்கியவருக்குப் புதுக் கல் கொடுத்தேன், சுவரைத் திரும்பக் கட்டும் கூலியும் கொடுத்தேன். அன்றிலிருந்து வரும் ஒவ்வொரு லோடையும் நானே கிளறிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்கிறேன். நீங்கள் பட்டறைக்கு அனுப்பும்போது, பால்ஸ் சீலிங்கை ஒரு துண்டுகூட விடாமல் முதலிலேயே கழற்றிவிடுங்கள். மண்ணும் அதே மாதிரிதான். களிமண் ஒட்டிய சிப்ஸில் சிமென்ட் பிடிக்காது.

கிரஷருக்கு வரவே கூடாதவை

ஆஸ்பெஸ்டாஸ் கூரை சீட்டை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், மேலே ஏறி மிதிக்காதீர்கள். அதன் நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரும். தண்ணீரில் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு சீட்டாக இறக்கி, கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியாக வைத்து, மாநகராட்சியிடம் சொல்லுங்கள். ரப்பீஸோடு சேர்த்து ஒரு துண்டும் போகக் கூடாது.

பி.வி.சி. குழாயையும் ஒயரையும் சைட்டிலேயே எரிக்கிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. அந்தப் புகை விஷம். பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியில் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தது நம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன். 2018ல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்த முறையிலும் பி.வி.சி.யை ஒதுக்கிவிடுவார்கள், சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வரும் என்பதால். குழாயைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் எடுத்த பிறகு மிஞ்சுவது மண்ணும் காரைத் தூளும் கலந்த கொஞ்சம். அதை உங்கள் புது வீட்டு பேஸ்மென்ட்டிலேயே நிரப்பலாம். ஆறு ஆறு இன்ச்சாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்காகத் திமிசு போட்டு இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டால் இரண்டு வருடத்தில் தரை இறங்கும். மரக்கட்டை, வேர், துணி எதுவும் அதில் இருக்கக் கூடாது, கரையான் வரும்.

அதற்கும் மேல் ஒன்றிரண்டு லோடு மிஞ்சினால், மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எங்கே கொட்டலாம் என்று கேட்டு, இடத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை பேசும்போதே அந்த இடத்தைச் சொல்லிப் பேசுங்கள். கிருதுமால் நதி ஓரத்திலோ கண்மாயிலோ கொட்டினால் டீசல் மிச்சம் என்று வண்டிக்காரர் நினைப்பார், அவருக்கும் பிழைப்புதான். அதனால் தூரத்துக்கான கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். கடைசி லோடு கிளம்பும்போது வண்டியின் முன்பக்கம் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். கொட்டும் வரை கூட இருந்து பார்த்துவிட்டு, அதே வண்டியில் திரும்பி வாருங்கள்.